தகடு மடிக்கும் மிஷின்: பட்டறையில் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள்

காரைக்குடியில் தகடு மடிக்கிற பட்டறை வைத்திருக்கிறேன். புதுவயல் அரிசி ஆலைக்காரர்கள், கேட் அடிக்கிற வெல்டர்கள், பழைய செட்டியார் வீட்டு மராமத்து எடுத்திருக்கிற மேஸ்திரிகள், பாலிடெக்னிக் பையன்கள் என்று வருகிறவர்கள் வேறு வேறு ஆட்கள், சந்தேகம் மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான். போனில் கேட்டால் கையை ஆட்டிக் காட்டவும் முடியாது. அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே கேள்வியை எழுதி, கீழே பதிலையும் போட்டுவிட்டேன். முன்னால் சொன்னதைத் திரும்பச் சொல்லவில்லை, வரிசையாகப் படித்தால் நல்லது.

தகடு மடிக்க எதுக்குண்ணே மிஷின்? ஆங்கிள்ல இறுக்கி சுத்தியல்ல தட்டினா மடியாதா?

மடியும். ஒரு அடி நீளம், மெல்லிய தகரம் என்றால் இரண்டு ஆங்கிளுக்கு நடுவில் இறுக்கி மரச்சுத்தியலால் தட்டி நானே மடித்திருக்கிறேன். நாலடி போனதும் வண்டவாளம் தெரியும். சுத்தியல் ஒரு நேரத்தில் ஒரு இடத்தில்தான் விழுகிறது, விழுந்த இடம் கொஞ்சம் நீளும், பக்கத்து இடம் நீளாது, கடைசியில் ஓரம் அப்பளம் மாதிரி நெளிந்து நிற்கும்.

மிஷின் மடிப்புக் கோடு முழுவதையும் ஒரே நேரத்தில் வளைக்கிறது, அவ்வளவுதான் அதன் வேலை. வளைகிற இடத்தில் தகட்டின் வெளிப்பக்கம் இழுபடும், உட்பக்கம் நெருக்கப்படும், நடுவில் எங்கோ ஒரு படலம் நீளவும் செய்யாது குறையவும் செய்யாது. அந்த நடுப்படலத்தை மறக்காதீர்கள், அளவுக் கணக்கு வரும்போது திரும்ப வருவேன்.

கை மிஷினுக்கும் பிரஸ் பிரேக்குக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டும் மடிக்கத்தானே செய்யுது?

மடிக்கிற விதம் வேறு. கை மிஷினில் தகடு கீழ்ப்படுக்கையில் கிடக்கும், மேல்தாடை இறங்கி அதை இறுக்கிப் பிடிக்கும், முன்பக்கம் கீல் வைத்த பலகை ஒன்று மேலே எழும்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற ஓரத்தை மடக்கிவிடும். தகட்டின் பெரிய பகுதி படுத்தபடியே இருக்கும், ஓரம் மட்டும் எழும்பும். இதே அமைப்பில் மோட்டாரும் கணினியும் வைத்த பெரிய மிஷின்களும் உண்டு, வேலை செய்கிற விதம் மாறாது.

பிரஸ் பிரேக்கில் தகட்டை எதுவும் பிடிப்பதில்லை. கீழே வி வடிவப் பள்ளம் உள்ள டை, மேலே கத்தி மாதிரி பஞ்ச். பஞ்ச் இறங்கி அழுத்தும்போது தகடு மூன்றே இடத்தில் தொடும்: பள்ளத்தின் இரண்டு உதடுகள், பஞ்சின் நுனி. பஞ்ச் எவ்வளவு ஆழம் இறங்குகிறதோ அதற்கேற்ற கோணம். இதில் தகட்டின் இரண்டு பக்கமும் எழும்பும் என்பதுதான் புதுசாக வருகிறவர்களை அதிர வைக்கிறது. எட்டுக்கு நாலு தகட்டின் நீள ஓரத்தில் ஒரு இஞ்ச் மடித்தால் மீதி நாலடி அகலமும் விசுக்கென்று முகத்துக்கு நேரே எழும்பி வரும், இரண்டு பேர் கூடவே தூக்கிக்கொண்டு போக வேண்டும், இல்லாவிட்டால் மடிப்புக்கு முன்னால் இன்னொரு வளைவு தானாக விழும்.

எது நல்லது என்று கேட்டால், தடித்த தகடு, ஒரே உருப்படி நூறு என்றால் பிரஸ் பிரேக். மெல்லிய, நீளமான, பெயின்ட் அடித்து வந்த தகடு என்றால் கை மிஷின் வகை. மெல்லிய தகட்டு வேலைக்குக்கூட பிரஸ் பிரேக்தான் கௌரவம் என்று கடன் வாங்கிப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

மேல்தாடை பல்லுப் பல்லா பிரிச்சு வச்சிருக்காங்களே, அது எதுக்கு?

பெட்டி மடிக்க. நாலு பக்கமும் மடிய வேண்டிய டிரேயில் இரண்டு பக்கம் மடித்ததும் மூன்றாவது பக்கம் மடிக்கப் போனால், ஏற்கெனவே எழும்பி நிற்கிற சுவர் மேல்தாடையில் இடிக்கும். டிரேயின் அகலத்துக்குத் தேவையான பற்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழற்றிவிட்டால் சுவர்கள் அந்தச் சந்துக்குள் போய்விடும்.

16 கேஜ்னா 16 மில்லியா?

ஐயோ இல்லை. கேஜில் நம்பர் ஏற ஏறத் தகடு மெலிகிறது. எஸ்.டபிள்யூ.ஜி. என்கிற பிரிட்டிஷ் தடிமன் அட்டவணைக் கணக்கில் 14 கேஜ் 2.03 மி.மீ., 16 என்றால் 1.63, 18 என்றால் 1.22, 20 என்றால் 0.91, 22 என்றால் 0.71. ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு அட்டவணை இருப்பதால் கேஜ் நம்பரை நம்பி எதையும் வெட்டாதீர்கள், மைக்ரோமீட்டர் வைத்துப் பாருங்கள். வெட்டின விளிம்பில் பிசிறு இருக்கும், அதைத் தேய்த்துவிட்டு அளக்கவும்.

என் மிஷின்ல 4 அடி, 16 கேஜ்னு எழுதியிருக்கு. ஒரே ஒரு அடிதான், 14 கேஜ் மடிச்சுக்கட்டுமா?

கணக்குப் பார்த்தால் முடியும். வளைக்கத் தேவையான விசை தடிமனின் வர்க்கத்தில் ஏறும், 16இலிருந்து 14 போனால் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலே, நீளமோ கால்வாசிதான். ஆனால் மொத்த விசையை மட்டும் பார்த்தால் போதாது, அது எங்கே விழுகிறது என்றும் பார்க்க வேண்டும். நாலடியில் பரவ வேண்டியது ஒரு அடியில் குவிந்தால் மேல்தாடையின் மூக்கு, அதாவது தகட்டை அழுத்துகிற முன்விளிம்பு, நசுங்கும். என்றைக்கோ ஒருநாள், அவசரம் என்றால், மேல்தாடையை இரண்டு தடிமன் அளவு பின்னால் தள்ளி வைத்துவிட்டு மடியுங்கள். மூலை கொஞ்சம் உருண்டையாக வரும், மூக்கு தப்பும்.

கம்பியை மட்டும் வைக்கவே கூடாது. என் பழைய மிஷினில் ஒரு பையன் 6 மி.மீ. கம்பியை வைத்து மடக்கிவிட்டான், கம்பி அழகாக மடிந்தது. மூக்கில் நகக்கண் அளவுக்கு ஒரு பள்ளம். அதற்குப் பிறகு அந்த மிஷினில் மடித்த ஒவ்வொரு மெல்லிய தகட்டிலும் அதே இடத்தில் ஒரு சின்னப் புடைப்பு, முத்திரை குத்தினாற்போல.

40 டன் மிஷின்னா மிஷின் எடையா? எனக்கு எத்தனை டன் வேணும்னு எப்படித் தெரியும்?

எடை இல்லை, பஞ்ச் அழுத்துகிற விசை. மனக்கணக்கு ஒன்று வைத்திருக்கிறேன். வி-யின் வாய் அகலத்தைத் தகட்டுத் தடிமனைப் போல எட்டு மடங்காக எடுத்தால், எம்.எஸ். என்கிற சாதாரண இரும்புத் தகட்டுக்கு ஒரு மி.மீ. தடிமனுக்கு ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 8 டன். 2 மி.மீ. தகடு, இரண்டரை மீட்டர் என்றால் எட்டு இரண்டு பதினாறு, அதை இரண்டரையால் பெருக்கினால் 40 டன். எஸ்.எஸ்., அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் இதில் ஒன்றரை மடங்கு, மெத்தென்ற அலுமினியம் என்றால் பாதி.

வி-யின் வாயைப் பாதியாகக் குறைத்தால் டன் இரட்டிப்பாகும். 40 டன் வேலைக்கு 40 டன் மிஷின் வாங்காதீர்கள், தினமும் மூச்சு முட்ட ஓடுகிற மிஷின் சீக்கிரம் படுத்துவிடும்.

2 மில்லி தகட்டுல 6 மில்லிக்கு ஒரு காது மடிச்சுக் கொடுங்கன்னா ஏண்ணே முடியாதுங்கிறீங்க?

காது என்பது மடித்து எழுப்புகிற குட்டை ஓரம். 2 மி.மீ.க்கு 16 மி.மீ. வி போடுகிறேன். ஓரம் வி-யின் உதட்டில் உட்கார்ந்தால்தான் மடியும், குட்டைக் காது பள்ளத்துக்குள் வழுக்கி விழுந்துவிடும். வி அகலத்தில் பத்தில் ஏழு பங்காவது காது இருக்க வேண்டும், அதாவது 11 மி.மீ. சின்ன வி போட்டால் எட்டரை வரை வரலாம், டன் ஏறும். கட்டாயம் ஆறுதான் வேண்டுமென்றால் நீளமாக மடித்துவிட்டு வெட்ட வேண்டியதுதான்.

இதோடு ஒட்டிய இன்னொரு தப்பெண்ணம்: பஞ்ச் நுனி கூராக இருந்தால் மூலை கூராக வரும் என்பது. பள்ளத்தின் அடியைத் தொடாமல் மடிக்கும்போது உள்வளைவின் ஆரத்தை முடிவு செய்வது பெரும்பாலும் வி-யின் அகலம்தான், ஏறத்தாழ அதில் ஆறில் ஒன்று. 16 வி-யில் இரண்டரை மி.மீ. சொச்சம் வளைவு வந்தே தீரும்.

90க்குத்தான் மடிச்சேன், வெளிய எடுத்தா 92 காட்டுது. மிஷின் கோளாறா?

இல்லை, தகட்டின் குணம். முன்னே சொன்ன நடுப்படலத்தை ஒட்டியிருக்கிற பகுதி நிரந்தரமாக வளையும் அளவுக்கு இழுபடவே இல்லை, ரப்பர் மாதிரி பழைய நிலைக்கு வரப் பார்க்கிறது. விட்டதும் மொத்தத் தகட்டையும் கொஞ்சம் விரித்துவிடும். எம்.எஸ். ஒன்றிரண்டு டிகிரி விரியும், எஸ்.எஸ். அதைவிட அதிகம், உள்வளைவு பெரிதானால் இன்னும் அதிகம். அதனால்தான் டையையே 88 அல்லது 85 டிகிரிக்கு வெட்டுகிறார்கள். கை மிஷினில் பலகை இரண்டு டிகிரி கூடப் போகும்படி ஸ்டாப்பரை வையுங்கள். ஒரே கடை, ஒரே கேஜ் என்றாலும் அடுத்த லோடு தகடு வேறு மாதிரி விரியும், துண்டு ஒன்றை மடித்துப் பார்க்காமல் தொடங்காதீர்கள்.

வரைபடத்துல உள்ளபடிதான் வெட்டினேன். மடிச்சு முடிச்சா பெட்டி பெருசாயிடுதே?

இந்த ஒரு கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத ஆரம்பித்தேன். நானும் இதில் சூடுபட்டவன். ஆலை ஒன்றில் தானியம் கொட்டுகிற ஹாப்பருக்கு 2 மி.மீ. தகட்டில் மூடி. நடு அளவு, இரண்டு பக்கக் காதுகள், மூன்றையும் கூட்டி வெட்டிவிட்டேன். காது இரண்டும் பின்பக்க ஸ்டாப்பரில் முட்டி மடித்ததால் சரியாக வந்தன, கூடுதல் முழுவதும் நடுவில் போய் விழுந்தது. 7 மி.மீ. பெரிய மூடி. ஹாப்பர் மேல் வைத்தால் தாளம் போட்டது.

காரணம் இதுதான். நாம் அளப்பது வெளி அளவு. மடிப்பின் வெளி மூலையை இரண்டு பக்கத்திலிருந்தும் அளக்கும்போது, தகடு போகாத கூர்மூலை வரைக்கும் அளந்துவிடுகிறோம். தகடோ மூலைக்குப் போகாமல் வளைவாகச் சுற்றிக்கொண்டு குறுக்கே போகிறது. அதன் உண்மையான நீளம் நடுப்படலத்தின் நீளம், அது வெளி அளவுகளின் கூட்டுத்தொகையைவிடக் குறைவு. அந்த வித்தியாசத்தை ஒவ்வொரு மடிப்புக்கும் கழிக்க வேண்டும். உள்வளைவு தடிமன் அளவே இருந்தால், 90 டிகிரி மடிப்பு ஒன்றுக்குத் தடிமனைப் போல ஒன்றே முக்கால் மடங்கு கழியும். 2 மி.மீ.க்கு மூன்றரை, இரண்டு மடிப்புக்கு ஏழு. என் மூடியின் ஏழு எங்கிருந்து வந்தது என்று தெரிகிறதா? இன்னொன்று: 1 மி.மீ. தகட்டில் 300 நீளம், இரண்டு பக்கமும் 30 உயரம் என்றால் 360 வெட்டக் கூடாது, 356.5 வெட்ட வேண்டும்.

இந்தக் கணக்கை ஆரம்பத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தகட்டில், உங்கள் டையில் சரியாக 100 மி.மீ. துண்டு ஒன்றை வெட்டி, நடுவில் மடித்து, மடிந்த இரண்டு பக்கத்தையும் வெர்னியரில் வெளி அளவு எடுங்கள். கூட்டினால் 103.4 வருகிறதா, உங்கள் கழிவு 3.4. அதை டையின் மேலேயே பெயின்ட் பேனாவில் எழுதி வையுங்கள். என் பட்டறையில் எல்லா டையிலும் இப்படி நம்பர் இருக்கும், வருகிறவர்கள் விலை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

மடிச்ச இடத்துல வெளிப்பக்கம் விரிசல் விடுது, மட்டமான தகடா?

இருக்கலாம், ஆனால் முதலில் திசையைப் பாருங்கள். ஆலையில் உருளைக்கு நடுவே இழுத்துத் தேய்த்து வருவதால் தகட்டுக்கு மரம் மாதிரி ஒரு நார் ஓட்டம் உண்டு. மடிப்புக் கோடு அந்த ஓட்டத்துக்குக் குறுக்கே போனால் நல்லது, ஓட்டத்தோடு சேர்ந்து போனால் விரிசல் வரும் வாய்ப்பு அதிகம். மூங்கிலை நீளவாக்கில் பிளப்பதும் குறுக்கே வெட்டுவதும் ஒன்றா? அதே மாதிரிதான். அடுத்தது வெட்டு விளிம்பின் பிசிறு. பிசிறுள்ள பக்கம் மடிப்பின் வெளியே வந்தால் விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும், அதை உட்பக்கம் திருப்புங்கள். அலுமினியத்தில் ரகம் கேட்டு வாங்குங்கள், 5052 நன்றாக மடியும், 6061-டி6 சின்ன வளைவில் சொல்லாமல் கொள்ளாமல் உடையும்.

ஜி.ஐ. தகடுதானே, மடிப்புல மட்டும் ஏன் முதல்ல துரு பிடிக்குது?

ஜி.ஐ. என்றால் துத்தநாகம் பூசிய இரும்பு. வெளிப்பக்கம் இழுபடும்போது அந்தப் பூச்சிலும் மயிரிழை விரிசல் விழும். சின்ன விரிசலைப் பக்கத்துத் துத்தநாகமே தான் அரிபட்டு இரும்பைக் காப்பாற்றும், பூச்சு மெலிதாக இருந்து மூலையும் கூராக இருந்தால் சீக்கிரம் தீர்ந்துபோகும். வளைவைக் கொஞ்சம் பெரிதாக்கி, மடிப்பில் துத்தநாக பிரைமர் ஒரு கை அடித்துவிடுங்கள். 1948இல் அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில் துருவுக்கென்றே ஒரு பெரிய துறை நடக்கிற ஊர் இது, இங்கேயே பிரைமர் அடிக்காமல் மாட்டிவிட்டுப் போகிறோம்.

ரெண்டு முனையும் 90 காட்டுது, நடுவுல 93. எப்படிச் சரி பண்றது?

நீளமான பீம் பாரம் விழுந்தால் நடுவில் தொய்யும், எவ்வளவு தடியாகச் செய்தாலும் மயிரிழையாவது தொய்யும். நடுவில் பஞ்ச் போதிய ஆழம் இறங்காததால் கோணம் விரிந்து படகு மாதிரி வருகிறது. கை மிஷினில் மடக்கும் பலகைக்குக் கீழே முட்டுக் கம்பி ஒன்று நட்டோடு இருக்கும், அதைக் கால் சுற்று இறுக்கிவிட்டு ஒரு முறை மடித்துப் பாருங்கள். பிரஸ் பிரேக்கில் ஆப்பு அமைப்பு இருந்தால் அதைத் தூக்கலாம், இல்லாவிட்டால் டைக்கு அடியில் நடுவில் மட்டும் காகிதம் வைக்கிற பழைய வைத்தியம். ஒரு முனை மட்டும் விரிந்தால் இதெல்லாம் வேண்டாம், அங்கே இறுக்கம் போதவில்லை என்று அர்த்தம்.

ஏப்பா, எங்க வளவுல ஓட்டு ஓரத்துத் தகரம் ஓட்டையாப் போச்சு. அதே மாதிரி மடிச்சுத் தருவியா?

கானாடுகாத்தானிலிருந்து வந்த ஒரு ஆச்சி கேட்டது. முற்றத்தைச் சுற்றி நாலு பக்க ஓட்டுத் தண்ணியும் விழுகிற தகர வாய்க்கால். மடித்துக் கொடுத்தேன் ஆச்சி, ஆனால் இதில் மடிக்கிறதைவிட எதை முதலில் மடிப்பது என்பதுதான் வேலை. முன் உதட்டில் 12 மி.மீ. திருப்பி நசுக்கின மடிப்பு, அப்புறம் முன்சுவர், அடி, பின்சுவர். உதட்டை முதலில் முடித்துவிட வேண்டும், பலகை போகிற வரை மடக்கி, பிறகு தாடைக்குள் செருகி நசுக்குவது. சுவர் எழும்பிய பிறகு உதட்டுக்கு மிஷின் எட்டாது. கடைசிச் சுவரை மடிக்கும்போது முதல் சுவர் மேல்தாடையின் பின்பக்கம் இடிக்கிறதா என்று முன்கூட்டியே தெரிய வேண்டும், இல்லாவிட்டால் பாதியில் மாட்டிக்கொள்ளும்.

நான் கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒரு விரல் அகலப் பட்டை வெட்டி, அதில் வரிசையாக மடித்துப் பார்ப்பேன். மேல்தாடையின் குறுக்குவெட்டை அதே அளவில் இன்னொரு அட்டையில் வெட்டி வைத்திருக்கிறேன். அட்டை இடித்தால் தகடும் இடிக்கும். மாட்டும்போது எட்டடிக்கு அரை இஞ்ச் சரிவு, ஒட்டுகிற இடத்தில் மேட்டுப் பக்கத் துண்டு மேலே வர வேண்டும்.

மடிப்புக்குப் பக்கத்துல போட்ட ஓட்டை முட்டை மாதிரி ஆயிடுதே?

இழுபடுகிற பகுதிக்குள் ஓட்டை போட்டுவிட்டீர்கள். ஓட்டையின் விளிம்பு உள்வளைவு முடிகிற இடத்திலிருந்து தடிமனைப் போல இரண்டரை மடங்காவது தள்ளி இருக்கட்டும். முடியாவிட்டால் மடித்த பிறகு துளையிடுங்கள்.

எஸ்.எஸ். தகட்டுல ரெண்டு கோடு விழுது, பார்ட்டி வாங்க மாட்டேங்கிறார்.

வி-யின் உதட்டில் தகடு உரசி இறங்குகிற தடம். மேல் பிளாஸ்டிக் படலத்தை உரிக்காமல் மடியுங்கள், இன்னும் விழுந்தால் டை மேல் ரப்பர் மாதிரியான யூரித்தேன் ஷீட் ஒன்றை விரியுங்கள். கை மிஷினில் தகடு உரசாததால் இந்தப் பிரச்சினை குறைவு.

பழைய பிரஸ் பிரேக் ஒண்ணு விலைக்கு வருது, என்ன பார்க்கணும்?

பெயின்ட்டைப் பார்க்காதீர்கள், புதுப் பெயின்ட் என்றால் இரட்டிப்புச் சந்தேகம். கையோடு உங்கள் தகட்டில் மூன்று துண்டு கொண்டு போய் இடது முனை, நடு, வலது முனை என்று தனித்தனியாக மடித்துக் கோணம் அளங்கள். மூன்றும் ஒன்றானால் பாதி கவலை தீர்ந்தது. பஞ்சை நடுவழியில் நிறுத்திவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள், தானாக இறங்கியிருந்தால் வால்வோ சீலோ போய்விட்டது. அப்புறம் பக்கவாட்டுச் சட்டம் சி மாதிரி உள்வாங்குகிற தொண்டை வளைவில், உள்மூலையில், விரல் வைத்துத் தடவிப் பாருங்கள். வெல்டு வைத்துத் தேய்த்த மேடு தட்டினால் கும்பிடு போட்டுத் திரும்பிவிடுங்கள்.

கை போயிடும்ங்கிறாங்களே, உண்மையா?

உண்மை. பஞ்சுக்கும் டைக்கும் நடுவே விரலுக்கு எந்த வேலையும் இல்லை. சின்ன உருப்படியைக் கையால் பிடிக்காதீர்கள், காந்தப் பிடியோ நீளக் குறடோ வையுங்கள். கை குறுக்கே வந்தால் மிஷினை நிறுத்துகிற ஒளித்திரை, இரண்டு கையாலும் அமுக்க வேண்டிய இரட்டைப் பட்டன் இருந்தால் அவசரத்துக்குக்கூட அணைக்காதீர்கள். காலால் மிதிக்கிற பெடலுக்கு மேல் மூடி இருக்க வேண்டும், கீழே விழுந்த துண்டு அதை அமுக்கிய கதை எல்லாப் பட்டறையிலும் ஒன்று இருக்கும். கை மிஷினில் விரலைவிட ஆளின் தாடைக்குத்தான் பயம், பலகையைத் தூக்க உதவுகிற எதிர் எடைக் கை சுழன்று எதிரில் நிற்பவரின் முகவாயைத் தட்டும்.

பழைய டிரங்குப் பெட்டி மூடியில ஓரம் உருண்டையா இருக்கே, அது எந்த மிஷின்ல வரும்?

முனீஸ்வரன் கோயில் தெருப் பழஞ்சாமான் கடையில் பார்த்துவிட்டு வந்து கேட்கிறார்கள். உள்ளே கம்பி இருக்கிறது. தகட்டு ஓரத்தைக் கம்பி மேல் சுருட்டினால் கையைக் கிழிக்காது, மூடியும் நெளியாது. ஓரத்துக்குக் கூடுதலாக விட வேண்டியது கம்பி விட்டத்தைப் போல இரண்டரை மடங்கு, 3 மி.மீ. கம்பிக்கு ஏழரை. கை மிஷினில் மேல்தாடையைப் பின்னால் தள்ளி உருண்டையாக முக்கால்வாசி மடக்கிக்கொண்டு, கம்பியை உள்ளே படுக்க வைத்து, மரச்சுத்தியலால் மூடிக்கொண்டே போய், கடைசி நுனியை மழுங்கின உளியால் உள்ளே செருக வேண்டும். மிஷின் பாதி, கை பாதி. கம்பியின் இரண்டு முனையும் சேர்கிற இடம் மூலையில் வரவே கூடாது, கீல் இருக்கிற பின்பக்கத்தில் நடுவாக வைத்துக்கொள்ளுங்கள்.